கையில் இல்லாத ஏடு: 'க்யூ' பற்றிப் பேசும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

லூக்கா நற்செய்தியின் 11ஆம் அதிகாரத்தைப் பழைய மொழிபெயர்ப்பில் திறந்தால், "பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே" என்று நாம் மனப்பாடமாகச் சொல்லும் ஜெபம் ஏறக்குறைய முழுதாக இருக்கும். திருவிவிலியம் பொது மொழிபெயர்ப்பில் அதே இடம் "தந்தையே" என்று மட்டும் தொடங்கி, ஐந்தே விண்ணப்பங்களில் முடிந்துவிடும். பழைய மொழிபெயர்ப்பு பிற்காலக் கையெழுத்துப் பிரதிகளின் வழியில் வந்தது. அந்தப் பிரதிகளை எழுதியவர்கள் தங்கள் நாவுக்குப் பழகிய மத்தேயுவின் ஜெபத்தைக் கொண்டு லூக்காவை நிரப்பியிருக்கிறார்கள். 4ஆம் நூற்றாண்டின் கிரேக்கப் பிரதியான வத்திக்கான் சுவடியில் இருப்பது குறுகிய வடிவம்தான்.

நற்செய்திகளுக்கு அடியில் மூலமாக, 'க்யூ' என்று அழைக்கப்படும் தொலைந்துபோன ஏடு ஒன்று இருந்ததா என்று தேடப் புறப்படுபவர் முதலில் இடறுவது இங்கேதான். ஒரே ஒரு மொழிபெயர்ப்பை விரித்து வைத்துக்கொண்டு, 'இரண்டும் ஒன்றுபோல இருக்கிறதே' என்றோ 'வேறுபடுகிறதே' என்றோ முடிவு கட்டிவிடுகிறார். அந்த ஒற்றுமை பிரதி எழுதியவர் சேர்த்ததாகவோ மொழிபெயர்த்தவர் சமன் செய்ததாகவோ இருக்கலாம். கிரேக்கம் தெரியாதவர்கள் குறைந்தது இரண்டு தமிழ் மொழிபெயர்ப்புகளையாவது பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். மத்தேயு, மாற்கு, லூக்கா மூன்றையும் ஒத்தமை நற்செய்திகள் என்கிறோம். மாற்கில் உள்ளவற்றில் பெரும்பகுதி மத்தேயுவில் இருக்கிறது, பாதிக்கு மேல் லூக்காவிலும் இருக்கிறது. அதனால் மற்ற இருவரும் மாற்கைப் பார்த்து எழுதினார்கள் என்பது பெரும்பாலான அறிஞர்களின் கருத்து. ஆனால் மாற்கில் இல்லாத ஏறத்தாழ 230 வசனங்கள் மத்தேயுவுக்கும் லூக்காவுக்கும் பொதுவாக உள்ளன. யோவான் ஸ்நானகன் "விரியன்பாம்புக் குட்டிகளே" என்று சீறும் பகுதியை (மத்தேயு 3:7-10, லூக்கா 3:7-9) கிரேக்கத்தில் ஒப்பிட்டால் அநேகமாகச் சொல்லுக்குச் சொல் ஒன்றாக இருக்கும். இந்தப் பொதுப் பகுதிக்கு ஒரு மூல ஏடு இருந்திருக்க வேண்டும் என்று 1838இல் வைஸ்ஸே என்ற ஜெர்மானியர் முன்வைத்தார். ஊற்று, மூலம் என்று பொருள்படும் 'க்வெல்லே' (Quelle) என்ற ஜெர்மன் சொல்லின் முதல் எழுத்தே பிறகு அதற்குப் பெயராகி, 'க்யூ' ஆனது.

இதை யாரோ எங்கோ தோண்டி எடுத்த சுவடிபோலப் பேசுவதுதான் அதிகம் பரவியிருக்கும் தவறு. க்யூவின் ஒரு கிழிசல்கூட கிடைத்ததில்லை. பழங்கால எழுத்தாளர் ஒருவரும் அதன் பெயரைச் சொல்லவில்லை. நம் குண்டலகேசியும் தொலைந்த நூல்தான், ஆனால் அதன் பாடல்கள் புறத்திரட்டு என்ற தொகைநூலில் இருக்கின்றன, அதற்கு மறுப்பாக நீலகேசி நிற்கிறது. க்யூவுக்கு அப்படிப்பட்ட சாட்சி இல்லை. அது இருந்தது என்பதே இரண்டு நூல்களின் ஒற்றுமையிலிருந்து செய்யும் ஊகம். 2000இல் வெளிவந்த க்யூவின் ஆய்வுப் பதிப்பும் அறிஞர்கள் மீட்டமைத்த பாடமே. 'க்யூ 11:2' என்று குறிப்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம், அந்த எண்கள் லூக்காவுடையவை.

தோமா நற்செய்தியைக் க்யூ என்று சொல்வோரும் உண்டு. 1945இல் எகிப்தின் நாக் ஹம்மாதியில் கிடைத்த அந்தக் கோப்திய மொழி நூலில் 114 வாக்குகள் உள்ளன. கதை ஓட்டமே இல்லாமல் இயேசுவின் வாக்குகளை மட்டும் தொகுத்த நூல் இருந்திருக்குமா என்ற சந்தேகத்தை அது தீர்த்தது. அதன் பயன் அவ்வளவே.

பப்பியாஸ் விஷயத்தில் இன்னும் நிதானம் வேண்டும். எராப்போலியின் பிஷப்பாக இருந்த இவர் 2ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதியவர். மத்தேயு வாக்குகளை எபிரெய மொழியில் தொகுத்தார், அவரவர் தம்மால் இயன்றபடி அவற்றுக்குப் பொருள் சொன்னார்கள் என்று இவர் கூறியதாகச் சபை வரலாற்றாசிரியர் யூசிபியஸ் எடுத்தாள்கிறார். பப்பியாஸின் ஐந்து நூல்களும் தொலைந்துவிட்டன. 'அந்த எபிரெயத் தொகுப்புதான் க்யூ' என்று இதை வைத்துச் சொல்பவர்களிடம் ஒரே ஒரு சொல்லைக் காட்டுவேன். "எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை" என்பதில் 'வேண்டிய' என்று நாம் வாசிப்பது கிரேக்கத்தில் 'எப்பியூசியோஸ்'. கிரேக்கர் யாரும் இச்சொல்லை வழங்குவதில்லை, நற்செய்தியாளர்களே ஆக்கிக்கொண்டதுபோல் இருக்கிறது என்று 3ஆம் நூற்றாண்டிலேயே கிறிஸ்தவ அறிஞர் ஓரிகன் எழுதிவிட்டார். இரண்டு பேர் தனித்தனியே எபிரெயம் போன்ற ஒரு செமித்திய மொழி மூலத்தைப் பெயர்த்திருந்தால், இருவருக்கும் இதே புதுச்சொல் எப்படி வந்திருக்கும்? பொது மூலம் இருந்திருந்தால், அவர்கள் கைக்கு அது கிரேக்கத்தில்தான் வந்திருக்க வேண்டும். எனக்கு இந்த ஆராய்ச்சியிலேயே மிகப் பிடித்த சான்று இது.

க்யூவில் 'இல்லாதது' பற்றிய முடிவுகள்தான் என்னை அதிகம் வருத்துகின்றன. அதில் சிலுவைப்பாடு இல்லை, ஆகவே அதை எழுதியவர்களுக்குச் சிலுவை முக்கியமல்ல என்கிறார்கள். மாற்கை வைத்துச் சோதித்துப் பாருங்கள். மாற்கு தொலைந்துபோய், மத்தேயுவும் லூக்காவும் ஒத்துப்போகும் இடங்களிலிருந்து அதை மீட்டெடுக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். தானாக முளைத்து வளரும் விதையின் உவமை (4:26-29) நமக்குக் கிடைக்காது. பெத்சாயிதாவின் குருடன் (8:22-26) கிடைக்கமாட்டான். துப்பட்டியைப் போட்டுவிட்டு நிர்வாணமாய் ஓடிய வாலிபனும் (14:51-52) காணாமல் போவான். இருவரும் விட்டுவிட்டது நம் கண்ணுக்குத் தெரியவே தெரியாது. க்யூவுக்கும் இதே கதிதான். அதற்குள் முதல் அடுக்கு, இரண்டாம் அடுக்கு என்று பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு சமூகத்தைக் கற்பிப்பது ஊகத்தின்மேல் ஊகத்தை ஏற்றுவது.

க்யூவை எல்லோரும் ஏற்றுக்கொண்டுவிட்டார்கள் என்று நினைப்பதும் சரியல்ல. லூக்கா மத்தேயுவையே வாசித்திருந்தால் க்யூ எதற்கு என்று 1955இல் ஆங்கிலேய இறையியலாளர் ஆஸ்டின் ஃபாரர் கேட்டார், இன்றும் பலர் கேட்கிறார்கள். பிடிபட்ட இயேசுவை அடித்தவர்கள் கேட்கும் "உம்மை அடித்தவன் யார்" என்ற கேள்வி மத்தேயு 26:68இலும் லூக்கா 22:64இலும் ஒரேபோல வருகிறது, மாற்கில் இல்லை. பாடுகளின் வரலாறு இல்லாத க்யூவை வைத்து இதை விளக்குவது கடினம். க்யூ இருந்திருக்கலாம் என்ற பக்கமே நான் சாய்ந்தாலும், இந்த வசனத்தை இலேசாகத் தாண்டிப் போக என்னால் முடியவில்லை.

சபை அதை ஒளித்துவிட்டது என்ற பேச்சுக்கும் ஆதாரமில்லை. உண்மையிலேயே விலக்கப்பட்ட நூல் எப்படித் தடம் விட்டுப்போகிறது என்று பாருங்கள். 2ஆம் நூற்றாண்டில் தாத்தியான் நான்கு நற்செய்திகளையும் ஒன்றாகப் பின்னித் தியாதெஸ்ஸரோன் என்ற நூலை ஆக்கினார். சிரியச் சபைகள் அதைத் தலைமுறை தலைமுறையாக வாசித்தன. 5ஆம் நூற்றாண்டில் பிஷப் தியோதொரேத் தம் பகுதியில் 200க்கும் மேற்பட்ட பிரதிகளைத் திரட்டி அகற்றி, தனித்தனி நற்செய்திகளை வைத்ததாகத் தாமே வெளிப்படையாக எழுதியிருக்கிறார். க்யூவைப் பற்றி அப்படி ஒரு வரியும் கிடையாது. அதில் இருந்ததெல்லாம் பெரிய நூல்களுக்குள் சேர்ந்துவிட்ட பிறகு, அதைத் தனியே படியெடுக்க யாருக்கும் தேவை இருந்திராது.

மூல ஏடு என்றாலே விசுவாசத்துக்கு எதிரி என்று பதறுபவர்கள் லூக்காவின் முதல் வசனங்களை மறுபடி வாசிக்கலாம். "சரித்திரம் எழுத அநேகம்பேர் ஏற்பட்டபடியினால்" என்று அவரே தமக்கு முன் எழுதியவர்களைச் சொல்லித்தான் தொடங்குகிறார்.