பிட்ச் மேடையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்: கேட்க வந்ததைக் கேட்காமலே இறங்குவது

டைமரில் 20 நொடி பாக்கி. திரையில் ஆறாவது ஸ்லைடு, டெக் எனும் ஸ்லைடுத் தொகுப்பில் மொத்தம் பதினொன்று. மேடையில் நிற்பவரின் கட்டைவிரல் கிளிக்கரைத் தட்டத் தொடங்குகிறது. சந்தை, போட்டி, குழு மூன்றும் மின்னி மறைகின்றன. "இதெல்லாம் டெக்ல இருக்கு, அப்புறம் அனுப்பறேன்" என்று சொல்லி முடிப்பதற்குள் மைக் அணைந்துவிடுகிறது. எவ்வளவு பணம் வேண்டும் என்ற ஸ்லைடு கடைசிவரை வரவேயில்லை.

முதலீட்டாளர்களிடம் பணம் கேட்டுச் சில நிமிடம் பேசுவதுதான் பிட்ச். புது நிறுவனங்கள் வரிசையாக அப்படிப் பேசும் நிகழ்ச்சி டெமோ டே. முதல்முறை மேடையேறுபவர்கள் கூடும் எந்த டெமோ டேயிலும் இந்தக் காட்சிக்குப் பஞ்சமில்லை. கண்ணைப் பார்த்துப் பேசுங்கள், எழுத்துப்பிழை திருத்துங்கள் போன்ற அறிவுரைகளை இங்கே விட்டுவிடலாம். அவை எல்லோருக்கும் தெரிந்தவை. தெரிந்தவர்களும் விழுகிற குழிகளை மட்டும் பார்ப்போம்.

கணக்குக் காட்ட வசதியாக ஒரு கற்பனை நிறுவனத்தை வைத்துக்கொள்வோம். பெரும்பாலான தடுப்பூசிகளை 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் வைத்திருக்க வேண்டும். குளிர்பெட்டி அந்த எல்லையைத் தாண்டினால் கிடங்குப் பொறுப்பாளரின் போனை அலறவிடும் கருவி ஒன்றை இந்த நிறுவனம் விற்கிறது. 42 கிடங்குகள் மாதச் சந்தா கட்டுகின்றன. நாணயம் எதுவானாலும் கணக்கு ஒன்றுதான்.

பணத்தைக் கடைசி ஸ்லைடுக்குத் தள்ளுவது

மற்ற எல்லாத் தவறுகளையும் மன்னிக்கலாம். இதை மட்டும் பார்க்கும்போதெல்லாம் எரிச்சல்தான் வருகிறது, ஏனென்றால் இதைத் திருத்த ஒரு பைசா செலவில்லை.

இது எப்படி நடக்கிறது என்றால், எல்லோரும் டெக்கைக் கதை வரிசையில் எழுதுகிறார்கள்: பிரச்சினை, தீர்வு, சந்தை, போட்டி, குழு, கடைசியில் பணம். 20 நிமிடம் கிடைக்கும் கூட்டத்தில் இந்த வரிசையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. மூன்று நிமிட மேடையில் கடிகாரம் வெட்டுவது எப்போதும் வால்பகுதியை. அந்த வாலில்தான் நீங்கள் வந்த காரியம் இருக்கிறது. போதாததற்கு, பிரச்சினைப் பகுதி தானாகவே ஊதிப் பெருகும். தொழில் தொடங்கியவர் ஆண்டுக்கணக்கில் அதிலேயே ஊறியவர். கிடங்கில் மின்சாரம் போன இரவைச் சொல்ல ஆரம்பித்தால் இரண்டு நிமிடம் போவதே தெரியாது.

மாற்று எளிது. எந்த நொடியில் மைக்கைப் பிடுங்கினாலும் அதுவரை சொன்னதில் முக்கியமானது இருக்க வேண்டும். முதல் 20 நொடிக்குள் என்ன செய்கிறோம், யார் காசு கொடுக்கிறார்கள், எவ்வளவு திரட்டுகிறோம் என்ற மூன்றும் வந்துவிடட்டும். இப்படி: "மருந்துக் கிடங்கின் குளிர்பெட்டி சூடேறினால் பொறுப்பாளரை உடனே எழுப்பும் கருவி செய்கிறோம். 42 கிடங்குகள் மாதாமாதம் சந்தா கட்டுகின்றன. அதை 200 ஆக்க ஒரு கோடியே 15 லட்சம் திரட்டுகிறோம்." இதன்பிறகு நடுவில் மைக் போனாலும் கேட்க வேண்டியதைக் கேட்டாகிவிட்டது. முடிவில் அதே எண்ணை இன்னொருமுறை சொல்லுங்கள். இரண்டு முறையும் ஒரே எண்ணாக இருக்கட்டும். முதலில் ஒரு கோடி, பிறகு "ஒன்று, ஒன்றரை" என்று இழுத்தால் கேட்பவர் மனதில் இரண்டும் நிற்காது.

சரி, எண்ணைச் சொல்லிவிட்டால் போதுமா? அந்த எண் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் பாதிப்பேர் ஒரு வட்ட வரைபடத்தைக் காட்டுகிறார்கள்: மார்க்கெட்டிங் 40%, தொழில்நுட்பம் 30%, ஆள் எடுக்க 20%, இதர 10%. இதே படத்தை ஓட்டலுக்கும் காட்டலாம், ராக்கெட் கம்பெனிக்கும் காட்டலாம். எதையும் சொல்லாத படம். கேட்கும் தொகையைப் பின்னாலிருந்து கட்டிவர வேண்டும்.

அடுத்த சுற்றில், அதாவது அடுத்த முறை பணம் திரட்டும்போது, முதலீட்டாளர் எதைப் பார்த்தால் பணம் போடுவார் என்பதில் தொடங்குங்கள். நம் நிறுவனத்துக்கு அது 200 கிடங்குகள் என்று வையுங்கள். இன்னும் 158 வேண்டும். ஒரு விற்பனையாளர் மாதம் 4 கிடங்கு பிடிப்பார் என்றால் மூன்று பேர் 12 பிடிப்பார்கள். 158-ஐ 12-ஆல் வகுத்தால் 13-க்குச் சற்று மேல், 14 மாதம். ஆள் தேடி எடுத்துப் பழக்க 3 மாதம். ஆக 17. பணம் தீரும் நாளில் அடுத்த சுற்றைத் தொடங்க முடியாது, கையில் ஆறு மாதச் செலவாவது இருக்க வேண்டும். 23, முழுசாக 24 மாதம். வரும் சந்தாவைக் கழித்தபின் கையிலிருந்து போகும் தொகை மாதம் சராசரி 4 லட்சம் என்றால் மொத்தம் 96 லட்சம். எல்லாம் திட்டமிட்டபடி நடக்காது, அதற்காக 20% கூட்டினால் சுமார் ஒரு கோடியே 15 லட்சம். இப்போது "80 லட்சம்தான் தருவேன், என்ன செய்வீர்கள்?" என்று கேட்டாலும் பதில் இருக்கிறது: எத்தனை விற்பனையாளரைக் குறைப்போம், எந்த மாதம் தள்ளிப்போகும் என்று அங்கேயே சொல்லலாம்.

இதே இடத்தில் இன்னொரு பொறி. கம்பெனியின் மதிப்பை "4 கோடியே 60 லட்சம்" என்று சொல்லிவிட்டு, அது பணம் வருவதற்கு முந்தைய மதிப்பா, வந்தபிறகான மதிப்பா என்று சொல்லாமல் விடுவது. முந்தைய மதிப்பு, அதாவது ப்ரீ-மணி என்றால், 460-உடன் 115 சேர்ந்து 575 லட்சம். முதலீட்டாளர் பங்கு 20%. போஸ்ட்-மணி என்றால் 460-இல் 115, பங்கு 25%. ஒரு சொல்லை விழுங்கியதற்கு 5% பங்கு விலை. இத்தோடு "ஊழியர்களுக்கு 10% பங்குத் தொகுப்பு ஒதுக்குங்கள், அது ப்ரீ-மணிக்குள்ளேயே இருக்கட்டும்" என்று முதலீட்டாளர் கேட்பது வழக்கம். அதற்குச் சும்மா தலையாட்டினால் நிறுவனர்களிடம் இருக்கப்போவது 80% இல்லை, 70%. பேச்சுக்கு 460 லட்சம் என்றாலும் உங்கள் கம்பெனியை அவர்கள் மதிப்பிடுவது 575-இல் 70%, அதாவது 402.5 லட்சத்துக்கு.

ஆகவே மேடையில் மதிப்பைப் பற்றிப் பேசாமல் இருப்பதே மேல். தொகை, எத்தனை மாதம், எதை எட்டுவோம் என்ற மூன்று போதும். "இவ்வளவு பணம், இத்தனை சதவீதம்" என்று வாய் திறந்ததுமே அறிவிப்பது டிவி நிகழ்ச்சியின் பழக்கம். அமெரிக்காவில் 2009-இல் வந்த ஷார்க் டேங்க் அதை உலகம் முழுக்கப் பரப்பிவிட்டது. அங்கே பேரம்தான் காட்சி. நிஜக் கூட்டத்தில் முதல் வாயிலேயே சதவீதத்தைச் சொன்னால் பேரத்தின் உச்சவரம்பை நீங்களே எழுதிக் கொடுத்த மாதிரி.

நேரத்தை ஸ்லைடில் அளப்பது

"மூணு நிமிஷம், ஆறு ஸ்லைடு, சரியா வரும்" என்பது கணக்கே இல்லை. பேச்சை எழுதிச் சொற்களை எண்ணுங்கள். ஆங்கிலப் பேச்சுக்கு நிமிடத்துக்கு 130 முதல் 150 சொல் என்பார்கள். தமிழில் வேற்றுமை உருபும் விகுதியும் ஒட்டிச் சொற்கள் நீள்வதால் அந்தக் கணக்கு இங்கே செல்லாது. உங்கள் வேகத்தை நீங்களே அளக்க வேண்டும்: போனில் பதிவுபோட்டு, எழுந்து நின்று, இயல்பான குரலில் ஒரு நிமிடம் பேசி, பேசிய சொற்களை எண்ணுங்கள்.

180 நொடி கொடுத்தால் 150 நொடிக்கு எழுதுங்கள். மீதி 30 நொடி மேடைக்கு நடக்கவும், கிளிக்கர் அடம்பிடிக்கவும், மூச்சு வாங்கவும் போய்விடும். அந்த 150-ஐப் பிரிக்க ஒரு வழி: திறப்பு 20, பிரச்சினை 20, கருவி வேலைசெய்யும் விதம் 30, ஆதாரம் 40, சந்தையும் வரவும் 20, குழு 10, பணம் மறுபடி 10. ஆதாரத்துக்குத்தான் பெரிய பங்கு என்பதைக் கவனியுங்கள். 42 கிடங்கில் எத்தனை பேர் சந்தாவைப் புதுப்பித்தார்கள் என்பதைக் கேட்கத்தான் எதிரே இருப்பவர் வந்திருக்கிறார்.

பழகும்போது ஸ்லைடுகளைத் தானாக நகரும்படி வையுங்கள். 2003-இல் டோக்கியோவில் தொடங்கிய பேச்சா குச்சா முறை இதுதான்: 20 ஸ்லைடு, ஒவ்வொன்றுக்கும் 20 நொடி, மொத்தம் 6 நிமிடம் 40 நொடி, பேசுபவர் கையில் எந்தக் கட்டுப்பாடும் இல்லை. நாலு முறை அப்படிப் பேசிப் பாருங்கள், எந்த ஸ்லைடில் வளவளக்கிறீர்கள் என்று தெரிந்துவிடும். இன்னொரு பயிற்சி: நண்பர் ஒருவர் நினைத்த நேரத்தில் "நிறுத்து" என்று கத்தட்டும். அதுவரை கேட்டதை வைத்து நீங்கள் எவ்வளவு பணம் கேட்டீர்கள், எதற்குக் கேட்டீர்கள் என்று அவர் சொல்ல வேண்டும்.

ஒரு நிமிடத்துக்கும் பேச்சு தயாராக இருக்கட்டும். புது நிறுவனங்களுக்கு முதலீடும் பயிற்சியும் தரும் அமெரிக்காவின் ஒய் காம்பினேட்டரே இணையவழியில் நடத்திய 2020 கோடை டெமோ டேயில் ஒரு கம்பெனிக்கு ஒரு நிமிடம், ஒரே ஸ்லைடு என்று சுருக்கியது. நிகழ்ச்சி தாமதமாகி "மூன்றை இரண்டாக்கிக் கொள்ளுங்கள்" என்று காதருகே வந்து சொல்வதும் சாதாரணம்.

வேகமாகப் பேசிச் சரிக்கட்டுவது

பத்தியை வெட்டுங்கள். எந்தப் பத்தி என்பதை முந்தின நாளே முடிவுசெய்து வையுங்கள்.

"சந்தையில் ஒரு சதவீதம் பிடித்தாலே போதும்"

இந்த வாக்கியம் வந்ததும் எதிரே பேனா கீழே போகும். அந்த ஒரு சதவீதம் யார், எந்தக் கதவைத் தட்டினால் கிடைப்பார் என்று அதில் இல்லை. கீழிருந்து கட்டுங்கள்: நம்மால் போய்ச் சேரக்கூடிய கிடங்கு 6,000, கிடங்குக்குப் பத்துப் பெட்டி, பெட்டிக்கு ஆண்டுச் சந்தா 12,000. பெருக்கினால் ஆண்டுக்கு 72 கோடி. மூன்று எண்ணையும் தனித்தனியாகக் கேள்வி கேட்கலாம், அதனால்தான் நம்பவும் முடிகிறது.

கூடவே ஒரு கிடங்கின் கணக்கு ஒரே மூச்சில்: பிடிக்க ஆகும் செலவு 48,000, மாதச் சந்தா 10,000, நேரடிச் செலவு போக நிற்பது 6,000, எட்டு மாதத்தில் போட்ட காசு திரும்பும்.

இறங்கவே தெரியாத கோடு

மாதாமாதம் புதிதாக வந்தவர்கள் 9, 8, 6, 4, 3 என்று தேய்கிறார்கள். அதையே கூட்டிக்கொண்டே போனால் 9, 17, 23, 27, 30 என்று அழகாக ஏறும். இந்தக் கூட்டுத்தொகை வரைபடத்தைப் போட்டுவிட்டு "வளர்ச்சி" என்று தலைப்பு வைப்பவர்கள், எதிரே இருப்பவர் அச்சின் பெயரைப் படிக்கமாட்டார் என்று நினைக்கிறார்கள். முதலில் படிப்பதே அதைத்தான். மாத வரவைக் காட்டுங்கள். தொய்வு இருந்தால் காரணத்தை நீங்களே சொல்லுங்கள். "வாங்கிக்கறோம்" என்று கடிதம் கொடுத்தவரை வாடிக்கையாளர் எண்ணிக்கையில் சேர்ப்பதும் இதே ரகம்.

"எங்களுக்குப் போட்டியே இல்லை"

கிடங்கில் தொங்கும் வெப்பமானியும் அதைப் பார்த்துக் குறிக்கும் நோட்டும் போட்டிதான்.

மேடைக்கும் மெயிலுக்கும் ஒரே டெக்

மேடையில் நீங்கள் பேசுகிறீர்கள், ஸ்லைடு பின்னணி. மெயிலில் ஸ்லைடு மட்டுமே பேச வேண்டும். இரண்டும் ஒன்றாக முடியாது. முதலீட்டாளர்கள் டெக்கை எவ்வளவு நேரம் பார்க்கிறார்கள் என்று டெக்குகளை இணையத்தில் பகிர உதவும் டாக்சென்ட் நிறுவனம் 2015-இல் வெளியிட்ட ஆய்வில் வந்த சராசரி 3 நிமிடம் 44 நொடி. பக்கத்துக்குச் சில நொடிதான் கிடைக்கும் என்ற நினைப்போடு எழுதுங்கள், தலைப்பிலேயே முடிவு இருக்கட்டும். "சந்தை" என்று தலைப்பு வைப்பதைவிட "6,000 கிடங்குகள், ஆண்டுக்கு 72 கோடி" என்று வைக்கலாம்.

மேடை டெக்குக்கு, தொழில்முனைவு பற்றி எழுதும் கை கவாசாகி (Guy Kawasaki) சொன்ன 10 ஸ்லைடு, 20 நிமிடம், 30 பாயிண்ட் என்ற விதியில் கடைசி எண் இன்றும் உதவும்: எழுத்தளவு 30 பாயிண்டுக்குக் குறையக்கூடாது. தமிழ் எழுத்துருவில் வேலைசெய்தால் பிடிஎஃப் ஆக்கியும் எடுத்துப்போங்கள். அங்குள்ள கணினியில் அந்த எழுத்துரு இல்லையென்றால் திரை முழுக்கக் கட்டம் கட்டமாக வரும். பக்க எண் கட்டாயம். "அந்த ஏழாவது ஸ்லைடைக் காட்டுங்கள்" என்று கேட்க வழி வேண்டாமா?

நேரடி டெமோ

வேண்டாம். 20 நொடி வீடியோ, ஒலி இல்லாமல், ஃபைலுக்குள்ளேயே பதித்து.

முதல் சந்திப்பில் என்டிஏ நீட்டுவது

என்டிஏ என்பது ரகசியம் காக்கும் ஒப்பந்தம். பெரும்பாலான முதலீட்டாளர்கள் அதில் கையெழுத்துப் போடமாட்டார்கள். ரகசியம் என்று நினைப்பதை டெக்கில் வைக்காதீர்கள்.

கேள்விக்குப் பின்கதையில் பதில் தொடங்குவது

"மாதம் எத்தனை பேர் விலகுகிறார்கள்?" என்று கேட்டால் "அதுல பாருங்க, போன வருஷம் நாங்க ஒரு மாடல் மாத்தினோம்..." என்று தொடங்குவார்கள். ஐந்து நிமிடக் கேள்வி நேரத்தில் ஒன்றரை நிமிடம் அங்கேயே கரைந்துவிடும். எண் முதலில், காரணம் அடுத்து, பிறகு வாயை மூடுங்கள்: "மாதம் ஒரு கிடங்கு. விலகியவர்களில் பெரும்பாலோர் மூன்று பெட்டிக்கும் குறைவாக வைத்திருந்தவர்கள், இப்போது அவர்களிடம் விற்பதில்லை." பதினைந்து நொடி கூட ஆகாது. கேட்டவருக்கு இன்னும் வேண்டுமென்றால் அவரே தோண்டுவார்.

எதிர்பார்க்கும் கேள்விகளுக்கு டெக்கின் பின்னால் தனி ஸ்லைடுகள் வையுங்கள்: விலகல் விகிதம், செலவுக் கணக்கு, பங்குப் பிரிப்பு. இரண்டு பேர் மேடையில் நின்றால் எந்தத் தலைப்புக்கு யார் பதில் என்று முன்பே பிரித்துக்கொள்ளுங்கள். ஒருவர் சொன்னதை மற்றவர் "அதாவது இவர் சொல்ல வர்றது என்னன்னா" என்று திருத்தினால், குழு ஸ்லைடில் என்ன எழுதியிருந்தாலும் எடுபடாது.

தெரியாத எண்ணுக்கு உத்தேசம் சொல்லி மாட்டிக்கொள்ளவும் வேண்டாம். "இப்போது கையில் இல்லை, இன்று மாலைக்குள் அனுப்புகிறேன்" என்று சொல்லிக் கேட்டவர் பெயரோடு குறித்துக்கொள்ளுங்கள். அன்று மாலையே நாலு வரியில் ஒரு மெயில்: முதல் வரியில் அவர் கேட்ட எண், அடுத்து திரட்டும் தொகை, அடுத்து பேச வசதியான இரண்டு நேரங்கள், கடைசியில் டெக்குக்கு லிங்க். அனுப்புவதற்கு முன் அந்த லிங்கை வேறொரு போனில் திறந்து பாருங்கள். "அணுக அனுமதி இல்லை" என்று வரும் லிங்க்குகள் இன்றும் வந்துகொண்டுதான் இருக்கின்றன.