கை நடுக்கத்தை வாட்ச், போனில் அளக்கும்போது

டாக்டரைப் பார்க்கும் சில நிமிடங்களில் நடுக்கம் அடங்கியிருக்கலாம், பதற்றத்தில் கூடியும் இருக்கலாம். அதனால்தான் ஸ்மார்ட் வாட்ச் அல்லது போன் சென்சாரில் வீட்டிலேயே எடுக்கும் பதிவு பெரிதும் உதவுகிறது.

ஆனால் கை எந்த நிலையில் இருந்தது என்று குறிக்காவிட்டால் அந்த எண்ணால் பயனில்லை. பார்க்கின்சன் என்ற மூளை நரம்பு நோயில் வரும் நடுக்கம் பெரும்பாலும் கை சும்மா இருக்கும்போது, விநாடிக்கு 4 முதல் 6 முறை வரும். எசென்ஷியல் ட்ரெமர் என்ற இன்னொரு வகை நடுக்கம் கையை நீட்டும்போதும் டம்ளரைத் தூக்கும்போதும்தான் அதிகம் தெரியும். எனவே மடியில் தளர்த்தி வைத்து ஒன்று, முன்னால் நீட்டி ஒன்று எனத் தனித்தனியாகப் பதியுங்கள். மடியில் கை இருக்கும்போது நடுக்கம் உள்ளவரை 100-லிருந்து ஏழு ஏழாகக் கழித்துச் சொல்லச் சொல்லுங்கள்; அடங்கியிருந்த நடுக்கம் பலருக்கு அப்போது வெளிப்படும்.

தீவிரத்தைக் காட்டுவது கை எவ்வளவு தூரம் ஆடுகிறது என்பதுதான், எத்தனை முறை ஆடுகிறது என்பதல்ல. செயலியில் வீச்சு என்ற அளவைப் பாருங்கள்.

எப்போதும் அதே கை, அதே கருவி. மாத்திரை போட்ட நேரத்தைக் கட்டாயம் எழுதுங்கள். அப்புறம் காபி, ஆஸ்துமாவுக்கான சால்புடமால் இன்ஹேலர் எடுத்திருந்தால் அதையும். இரண்டுமே நடுக்கத்தைக் கூட்டக்கூடியவை. ஒருநாள் நடுக்கத்தின் அளவு ஏறிவிட்டதென்று மருந்தை நீங்களாக மாற்றவே வேண்டாம், பதிவை டாக்டரிடம் காட்டுங்கள்.