மழை இரவில் அலறிய கார்

மழை பெய்த இரவுகளில் மட்டும், யாரும் தொடாமலேயே, என் காரின் திருட்டுத் தடுப்பு அலாரம் அலறித் தெருவையே எழுப்பிக்கொண்டிருந்தது. பேட்டரி பலவீனமானாலும் இப்படி நேரும் என்பதால் முதலில் மின்னழுத்தம், மின்தடை அளக்கும் மல்டிமீட்டரை அதில் வைத்தேன், முழு சார்ஜுக்கான 12.6 வோல்ட் காட்டியதால் அந்தச் சந்தேகம் தீர்ந்தது. அதிர்வு சென்சாரின் உணர்திறனைக் குறைத்தும் பயனில்லை. எஞ்சியது, கடையில் அலாரம் பொருத்தியபோது சேர்த்த பானட் சுவிட்ச், அதாவது எஞ்சின் மூடியை யாராவது திறந்தால் அலாரத்துக்குச் சொல்லும் சுவிட்ச்.

பானட் மூடியிருக்கும்போது சுவிட்சின் முனை அழுந்தி இணைப்பு துண்டிக்கப்பட்டிருக்க வேண்டும்; திறந்தால்தான் சுவிட்சின் கம்பி காரின் உலோக பாடியுடன் சேர்ந்து எர்த் ஆகி, அலாரம் அலறும். பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றி, அலாரம் பெட்டியிலிருந்து அந்தக் கம்பியையும் பிரித்துவிட்டு, பானட்டை மூடியபடியே கம்பிக்கும் பாடிக்கும் இடையே மின்தடையை அளந்தபோது, முடிவிலியாக நிற்க வேண்டிய அளவு சில நூறு ஓம்களுக்கு இறங்கி ஊசலாடியது. சுவிட்சைக் கழற்றினால், ரப்பர் உறை கிழிந்து, உள்ளே பச்சை பூத்த பித்தளையில் ஈரம் பளபளத்தது. சிக்கனம் பார்த்து உப்புத்தாளால் தேய்த்து மாட்டினேன். இரண்டு மழை தாங்கியது, மூன்றாவது மழையில் மறுபடியும் அலறல். பிறகுதான் புதிய சுவிட்சை வாங்கி, ரப்பர் உறைக்குள் சிறிது கிரீஸ் தடவிப் பொருத்தினேன். அதன்பின் அடைமழையிலும் அலாரம் வாய் திறக்கவில்லை.