பேப்பரின் கடைசிப் பக்கத்து அடிவரியில் தொடங்குங்கள்

பெறாமகள் உயர்தரத்தில் ஊடகக் கற்கை படிக்கிறாள். போன தவணை அவளுக்குக் கிடைத்த ஒப்படை, தமிழ்ப் பத்திரிகை அல்லது தொலைக்காட்சி நிறுவனம் ஒன்றின் வரலாறும் உடைமைகளும். நாலு பக்கம் எழுதிக்கொண்டு வந்து காட்டினாள். வாசிக்க வாசிக்க எங்கேயோ கேட்ட குரலாக இருந்தது. தேடிப் பார்த்தால், அந்த நிறுவனம் தன்னைப் பற்றித் தன் இணையத்தளத்தில் எழுதி வைத்த புகழுரை, புள்ளி கமா மாறாமல். “இதுக்கு மேல என்ன சித்தப்பா இருக்கு?” என்று கேட்டாள். நிறைய இருந்தது. கிளிநொச்சியை விட்டு அசையாமல், ஒரு போனையும் கடையில் தொங்கிய பேப்பர்களையும் வைத்துக்கொண்டு ஒரு கிழமைக்குள் அவள் கண்டுபிடித்தது கொஞ்சநஞ்சமில்லை. மற்றப் பிள்ளைகளுக்கும் உதவட்டும் என்று அந்த வழியை எழுதுகிறேன்.

முதல் வேலை, ஒரு பேப்பரை வாங்கித் திருப்பிப் பிடியுங்கள். முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் இருப்பது பேப்பரின் பெயர், கம்பனியின் பெயர் அது இல்லை. கம்பனி பெரும்பாலும் கடைசிப் பக்கத்தின் அடியில், எறும்பு ஊர்ந்த மாதிரி அச்சில் இருக்கும். இன்னாரால் இன்ன இலக்கத்தில் அச்சிட்டு வெளியிடப்பட்டது என்று போகிற வரி அது. ‘பிறைவேட் லிமிட்டெட்’ வரைக்கும் ஒரு சொல் விடாமல் கொப்பியில் எழுதுங்கள். அச்சிட்டவரும் வெளியிட்டவரும் ஒரே ஆளா என்று கவனியுங்கள், அச்சகம் இன்னொருவருடையதாக இருந்தால் அந்த இயந்திரங்களை உங்கள் நிறுவனத்தின் உடைமைக் கணக்கில் சேர்க்கக்கூடாது. பக்கத்தில் அஞ்சல் திணைக்களத்துப் பதிவிலக்கம் ஒன்றும் கிடக்கும், அதைக் கம்பனி இலக்கம் என்று நினைத்து ஏமாற வேண்டாம்.

இந்த ஒரு வரியிலேயே கதை மாறிவிடும். வீரகேசரி என்றால் எக்ஸ்பிரஸ் நியூஸ்பேப்பர்ஸ் (சிலோன்). தினகரன் என்றால் அசோசியேட்டட் நியூஸ்பேப்பர்ஸ் ஒப் சிலோன், ஊரில் சொல்கிற லேக்ஹவுஸ். உதயன் என்றால் நியூ உதயன் பப்ளிகேஷன். ஒப்படையில் நீங்கள் தேட வேண்டியது இந்த இரண்டாவது பெயர்களை.

தொலைக்காட்சிக்குக் கடைசிப் பக்கம் இல்லை. அங்கே அலைவரிசையின் பெயரை விட்டுவிட்டு, ஒளிபரப்பு உரிமம் யாரிடம் என்று பாருங்கள். நேத்ரா, ரூபவாஹினிக் கூட்டுத்தாபனத்தினுடையது. வசந்தம், அரசுக்குச் சொந்தமான ஐரிஎன் கம்பனியினுடையது, 2009இல் தொடங்கியது. 1998இல் வந்த சக்தி, எம்ரிவி சனல் என்ற கம்பனியினுடையது, அந்தக் கம்பனி கெப்பிட்டல் மகாராஜா குழுமத்துக்குள் இருக்கிறது. அதே குழுமத்தில்தான் சிங்கள அலைவரிசையான சிரசவும் இருக்கிறது, எஸ்-லோன் குழாயும் இருக்கிறது. கிணற்றடியில் மோட்டரிலிருந்து தோட்டத்துக்குப் போகிற அந்தக் குழாய்தான்! ‘உடைமைகள்’ என்று ஆசிரியர் கேட்டது இதைத்தான். செய்தி வாசிக்கிற கம்பனி வேறு எதையெல்லாம் விற்கிறது என்று தெரிந்தால்தான் அந்தச் செய்தியை எப்படிப் பார்ப்பது என்று ஒரு பிடி கிடைக்கும். பெறாமகள் குழாயைப் போய்ப் போட்டோ எடுத்து ஒட்டினாள், நான் சொல்லவில்லை.

கோபுரத்தையும் அலைவரிசையின் சொத்து என்று எழுதிவிடாதீர்கள். கொக்காவிலில் முன்பு ரூபவாஹினியின் மறு ஒளிபரப்பு நிலையம் இருந்தது, 1990இல் சண்டையில் அழிந்தது. இப்போது ஏ9 வீதியில் போகும்போது தெரிகிற 174 மீட்டர் கோபுரம் 2011 ஜூனில் திறக்கப்பட்டது. கட்டியது தொலைத்தொடர்புகள் ஒழுங்குறுத்தும் ஆணைக்குழு, அலைவரிசைகள் அதில் ஏறி நிற்கிற வாடகைக்காரர் மாதிரி.

சரி, கம்பனிப் பெயர் கையில் இருக்கிறது. அடுத்தது கம்பனிப் பதிவாளர் திணைக்களம். கொழும்புக்குப் போகத் தேவையில்லை, அவர்களுடைய இணையத்தளத்தில் பெயரைப் போட்டுத் தேடலாம், தேடுவதற்குக் காசில்லை, ஆவணத்தின் பிரதி வேண்டுமென்றால்தான் கணக்குத் திறந்து கட்டணம் கட்ட வேண்டும். பதிவிலக்கத்தின் முன்னெழுத்தே ஒரு தகவல்: பீவீ (PV) என்றால் தனியார் கம்பனி, பீபீ (PB) என்றால் பொதுக் கம்பனி, பீகியூ (PQ) என்றால் பங்குச் சந்தையில் இருப்பது. பீகியூ என்றால் அதிர்ஷ்டம், வருடாந்த அறிக்கையில் பெரிய பங்குதாரர் இருபது பேரின் பெயரும் கிடைக்கும். மற்றவற்றுக்குக் கேட்க வேண்டியது படிவம் 15, வருடாந்த விபரத்திரட்டு. யாரிடம் எத்தனை பங்கு என்று அதில் இருக்கும். பணிப்பாளர் பட்டியலை மட்டும் பார்த்து ‘இவர்தான் முதலாளி’ என்று எழுதுகிறவர்கள் அதிகம், பணிப்பாளர் சம்பளத்துக்கு இருக்கிற ஆளாகவும் இருக்கலாம். பங்குதாரரின் இடத்தில் இன்னொரு கம்பனியின் பெயர் இருந்தால் திரும்ப முதலிலிருந்து, அந்தக் கம்பனியைத் தேடுங்கள். மனிதப் பெயர் வரும் வரைக்கும் ஏறிக்கொண்டே போக வேண்டும்.

இதில் நானே விழுந்த ஒரு குழி இருக்கிறது. ஒரு பழைய கம்பனியின் பதிவுத் திகதி 2008 என்று கண்டு, ‘ஆகா, கைமாறியிருக்கிறது’ என்று துப்பறிவாளன் மாதிரிக் குதித்தேன். ஒன்றுமில்லை. 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டம் வந்தபோது பழைய கம்பனிகள் எல்லாம் மீளப் பதிந்து புது இலக்கம் எடுக்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான். பதிவுத் திகதி வேறு, பிறந்த திகதி வேறு.

வரலாற்றுக்கு வருவோம். தொடங்கிய ஆண்டு, தொடங்கியவர் இரண்டும் சுலபம். வீரகேசரியை 1930 ஆகஸ்ட் 6இல் தொடங்கியவர் தமிழ்நாட்டிலிருந்து வந்த சுப்பிரமணியம் செட்டியார். தினகரன் 1932, டி. ஆர். விஜயவர்தன. ஈழநாடு 1959, யாழ்ப்பாணம். உதயன் 1985, அதுவும் யாழ்ப்பாணம். தேட வேண்டியது நடுவில் நடந்ததை: எப்போது கைமாறியது, எப்போது எரிந்தது, எதை வாங்கியது, எதை நிறுத்தியது.

தினகரனை எடுங்கள், பழகுவதற்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை. விஜயவர்தன 1914இல் தினமினவை வாங்கினார், 1918இல் டெய்லி நியூஸைத் தொடங்கினார், 1923இல் ஒப்சேவரை வாங்கினார், பிறகுதான் தினகரன். 1950இல் அவர் இறந்தார். 1973இல் சிறிமாவோ அரசாங்கம் கொண்டுவந்த 28ஆம் இலக்கச் சட்டத்தால் பங்குகளில் 75 சதவீதம் பொது நம்பிக்கைப் பொறுப்பாளர் என்ற அரச அதிகாரியிடம் போனது. கட்டடமும் பேப்பரின் பெயரும் மாறவில்லை, முதலாளி மட்டும் மாறிவிட்டார், அன்றிலிருந்து எந்த ஆட்சி வந்தாலும் பேப்பர் அந்த ஆட்சியின் பக்கம். இந்த ஒரு பத்தி இல்லாமல் தினகரனைப் பற்றி எழுதுவது வீண். இன்னொரு சிக்கல்: விஜயவர்தன குடும்பத்துக்கு இன்றும் பத்திரிகை இருக்கிறது, அது லேக்ஹவுஸ் இல்லை. விஜய நியூஸ்பேப்பர்ஸ் என்ற வேறு கம்பனி, மகன் ரஞ்சித் விஜயவர்தனவுடையது, நீங்கள் போனில் பார்க்கிற தமிழ் மிரர் அங்கிருந்துதான் வருகிறது.

வடக்குப் பத்திரிகை என்றால் வரலாறு முக்கால்வாசி நெருப்புத்தான். ஈழநாடு அலுவலகம் 1981 ஜூன் 1இல், யாழ் நூலகத்தோடு சேர்த்து எரிக்கப்பட்டது. உதயன் அலுவலகத்துக்குள் 2006 மே 2இல் புகுந்து ஊழியர் இருவரைச் சுட்டுக் கொன்றார்கள். 2013 ஏப்ரல் 3இல் நம்முடைய கிளிநொச்சியில் இருந்த உதயன் பணிமனை தாக்கப்பட்டது, பத்து நாளில் யாழ்ப்பாணத்து அச்சகத்துக்குத் தீ வைத்தார்கள். அதோடு, உதயனின் உரிமையாளர் ஈ. சரவணபவன் 2010 முதல் 2020 வரை தமிழ்த் தேசியக் கூட்டமைப்பின் நாடாளுமன்ற உறுப்பினர். அடி வாங்கியதையும் எழுதுங்கள், முதலாளி அரசியலில் நின்றதையும் எழுதுங்கள். ஒன்றை எழுதி மற்றதை விட்டால் அது வரலாறு இல்லை, விளம்பரம் அல்லது வசை.

வன்னிக்காரருக்கு இன்னொரு தலையிடி இருக்கிறது. 2009 இடப்பெயர்வில் உயிரைக் கொண்டு வந்ததே பெரிது, பழைய பேப்பர்க் கட்டை யார் தூக்கி வந்தார்கள்? அதனால் பழைய பிரதிக்கு முதலில் ‘நூலகம்’ இணையத்தளம், 2005இலிருந்து ஈழத்துப் பத்திரிகைகளை ஸ்கேன் பண்ணிப் போடுகிறார்கள், பேப்பரின் பெயரைப் போட்டுத் தேடுங்கள். அங்கே இல்லாவிட்டால் கொழும்பில் தேசிய சுவடிகள் திணைக்களம், பத்திரிகைகள் பதிவதும் பிரதி கொடுப்பதும் அங்கேதான். ஈழநாதத்தைத் தேடுகிறவர்கள் வேறு மாதிரி யோசிக்க வேண்டும்: 1990இல் யாழ்ப்பாணத்தில் தொடங்கி 1995 இடப்பெயர்வுக்குப் பிறகு வன்னியிலிருந்து வந்த, விடுதலைப் புலிகளின் நாளிதழ் அது, அதற்குப் பங்குதாரர் படிவம் தேடுவது கடலில் மாடு மேய்ப்பது மாதிரி.

ஆவணம் முடிகிற இடத்தில் ஆட்கள் இருக்கிறார்கள். உங்கள் ஊரில் ஒரு பழைய பிரதேச நிருபர் இருப்பார், சைக்கிளில் பேப்பர் போட்ட ஐயா இருப்பார், அச்சுக் கோத்த கை இருக்கும். போய்த் தேத்தண்ணி குடித்துக் கேளுங்கள். ‘எந்த ஆண்டு?’ என்று கேட்டால் ஞாபகம் வராது. ‘ஏ9 பாதை திறக்க முதலா பிறகா? சுனாமிக்கு முன்னமா?’ என்று கேளுங்கள், டக்கென்று சொல்வார்கள். பாதை திறந்தது 2002 ஏப்ரல், சுனாமி 2004 டிசம்பர் 26, யாழ்ப்பாணத்து இடப்பெயர்வு 1995 அக்டோபர். இந்த மூன்று முளைகளை அடித்துவிட்டால் நடுவில் எதையும் கட்டலாம். பேப்பர் எத்தனை மணிக்கு, சோதனைச்சாவடி இருந்த ஓமந்தைக்கு வந்தது, யார் ஏஜென்ட், விற்காத பிரதிக்கு யார் காசு கொடுத்தது என்றும் கேளுங்கள். கம்பனியின் கை எவ்வளவு தூரம் நீண்டது என்பது அங்கேதான் தெரியும்.

அரச ஊடகமென்றால் இன்னொரு சாவி இருக்கிறது, தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கம். லேக்ஹவுஸ், ரூபவாஹினி, ஐரிஎன் எதற்கும் தமிழில் விண்ணப்பிக்கலாம், காரணம் சொல்லத் தேவையில்லை, 14 வேலை நாளுக்குள் தருவதா இல்லையா என்று சொல்ல வேண்டும். தனியார் கம்பனியிடம் இது பொதுவாகச் செல்லாது, உரிமம் கொடுத்த அமைச்சிடம் கேளுங்கள். பெறாமகள் ஒரு தனியார் அலுவலகத்துக்குப் போன் எடுத்து ‘உங்கட முதலாளி யார்?’ என்று நேராகக் கேட்டாள், அங்கிருந்த அக்கா ‘ஏன் தங்கச்சி, கலியாணம் பேசவா?’ என்று வைத்துவிட்டா.

குறுக்கு வழி ஒன்றும் உண்டு. 2018இல் எல்லைகளற்ற செய்தியாளர் அமைப்பும் வெரிட்டே ரிசர்ச் என்ற கொழும்பு ஆய்வு நிறுவனமும் இலங்கை ஊடகங்களின் உரிமையாளர் விபரத்தைத் திரட்டி மூன்று மொழியிலும் வெளியிட்டார்கள். தமிழிலும் இருக்கிறது, நல்ல வேலை. ஆனால் அது 2018. அன்று மகாராஜா குழுமத்தின் தலைவர் ஆர். ராஜமகேந்திரன், அவர் 2021 ஜூலையில் இறந்துவிட்டார். அதனால் எதை எழுதினாலும் பக்கத்தில் எந்த ஆண்டு நிலவரம் என்று போடுங்கள்.

கடைசியில் எல்லாவற்றையும் ஒரு தாளில் பெட்டி பெட்டியாகக் கீறினாள்: மேலே ஆட்கள், நடுவில் கம்பனிகள், கீழே பேப்பர், ரேடியோ, தொலைக்காட்சி, குழாய். மேலே ஒரு பெட்டி வெறுமையாகக் கிடந்தது. எதையாவது போட்டு நிரப்பட்டுமா என்று கேட்டாள். வேண்டாம், ‘படிவம் 15 இன்னும் வரவில்லை’ என்று பென்சிலால் எழுதி அப்படியே கொடு என்றேன்.