நெவாடா டிரஸ்ட் வைத்தும் கலிஃபோர்னியா வரி ஏன் வருகிறது?

கலிஃபோர்னியாவின் உச்ச வருமான வரி 13.3 சதவீதம். நெவாடாவில் மாநில வருமான வரியே கிடையாது. பங்குகளை நெவாடா டிரஸ்டில் (சொத்தைப் பயனாளிகளுக்காக டிரஸ்டி என்பவர் நிர்வகிக்கும் ஏற்பாடு) போட்டால் தீர்ந்தது என்று பலர் இறங்கி, ஒரே இடங்களில் மாட்டிக்கொள்கிறார்கள்.

பழைய 'நிங்' டிரஸ்டை நம்புவது

'நிங்' என்பது, கொடை முழுமையாகாமலேயே வருமானத்தை டிரஸ்டின் கணக்கில் காட்டவைத்த நெவாடா டிரஸ்ட். நியூயார்க்கில் 2014 முதலும், கலிஃபோர்னியாவில் 2023 முதலும் அந்த வழி அடைபட்டுவிட்டது. அதன் வருமானம், சொத்தைப் போட்டவர் கணக்கிலேயே சேரும். இப்போது மிச்சமிருப்பது முழுக் கொடையாகக் கொடுத்துவிடும் டிரஸ்ட். கொடுத்ததைத் திரும்ப எடுக்க முடியாது. கூட்டாட்சிக் கொடை வரியின் வாழ்நாள் விலக்கிலும் அது கழியும். 2025-ல் அந்த விலக்கு ஒருவருக்கு 1.399 கோடி டாலர்.

கலிஃபோர்னியாவாசியை டிரஸ்டி ஆக்குவது

இதுதான் மிகவும் எரிச்சலூட்டும் தவறு, ஏனென்றால் முழுக்கத் தவிர்க்கக்கூடியது. நெவாடா நிறுவனம் ஒரு டிரஸ்டி, "குடும்பத்தில் ஒருத்தர் இருக்கட்டுமே" என்று சான் ஹோசேயில் இருக்கும் தம்பி இன்னொரு டிரஸ்டி. பங்கு விற்று 20 லட்சம் டாலர் லாபம். கலிஃபோர்னியா டிரஸ்டிகளின் தலையை எண்ணும்: இருவரில் ஒருவர் அங்கே வசிப்பதால் 10 லட்சம் வரிக்குள் வந்துவிடும். கலிஃபோர்னியாவின் டிரஸ்ட் வரிப் படிவம் 541-இன் அட்டவணை ஜி கேட்பதே இந்த எண்ணிக்கையைத்தான்.

டிரஸ்ட் பத்திரம் எழுதும்போது தம்பி டெக்சாஸில் இருந்தார், பிறகு வேலை மாறி வந்தார் என்றாலும் கதை அதேதான். அதனால் கலிஃபோர்னியாவில் வசிப்பவர் டிரஸ்டி ஆக முடியாது, குடியேறினால் அன்றே பதவி போய்விடும் என்று பத்திரத்திலேயே எழுத வேண்டும்.

டிரஸ்டி சரியானாலும் பயனாளியைப் பார்க்க வேண்டும். ஆண்டுதோறும் இவ்வளவு என்று உரிமை பெற்ற பயனாளி கலிஃபோர்னியாவில் இருந்தால், அவர் பங்குக்கு வரி உண்டு. தருவதும் தராததும் டிரஸ்டியின் விருப்பம் என்றிருந்தால் அந்த ஆண்டு வரி இல்லை. ஆனால் சேர்த்துவைத்த அந்த வருமானம் பின்னாளில் கலிஃபோர்னியாவாசியான பயனாளியின் கைக்கு வரும்போது, வரியும் கூடவே வரும். பணத்தைப் பல ஆண்டுகள் உள்ளேயே விட முடியாதவர்களுக்கு இந்த ஏற்பாடு எதற்கு?

கணவன் அல்லது மனைவியைப் பயனாளியாகச் சேர்ப்பது

பொதுவாக வருமானம், சொத்தைப் போட்டவர் பெயருக்கே திரும்பிவிடும்.

விலை பேசி முடித்தபின் பங்கை மாற்றுவது

விற்பனை ஏறத்தாழ உறுதியான பிறகு மாற்றினால், லாபம் உங்களுடையதென்றே கொள்ளப்படும். பேச்சு தொடங்கும் முன்பே மாற்றுங்கள்.

கலிஃபோர்னியா கட்டடத்தை உள்ளே போடுவது

வாடகையும் விற்ற லாபமும் கலிஃபோர்னியாவுக்கே வரி கட்டும்.

கூட்டாட்சி வரியும் குறையும் என்று எண்ணுவது

குறையாது. 2025-ல் டிரஸ்டின் சாதாரண வருமானம் 15,650 டாலரைத் தாண்டியதுமே 37 சதவீதம்.