மாட்டின் முழங்கால் வீக்கத்தில் சவர அலகு வைக்காதீர்கள்

போன கிழமை வடமராட்சியிலிருந்து ஒரு தம்பி படம் அனுப்பியிருந்தார். ஜேர்சிக் கலப்புப் பசு. முன்னங்கால் முழங்காலில் தேங்காய் அளவு வீக்கம். கீழே ஒரு வரி: "அண்ணை, நாளைக் காலை கீறிவிடப் போகிறேன்." உடனே அழைத்து மறித்தேன். இருபது வருடங்களுக்கு முன் நானும் என் பசுவின் முழங்காலைக் கீற அப்படித்தான் புறப்பட்டேன்.

இன்னதென்று பாராமல் கீறுவது

தோலுக்கும் எலும்புக்கும் இடையில் உராய்வைத் தாங்கச் சிறு நீர்ப்பைகள் உண்டு. ஓயாமல் அடிபடும் இடத்தில் புதிதாகவும் உருவாகும். அந்தப் பை அழன்று நீர் கோத்தால் இந்த வீக்கம். சீழ்க்கட்டி சுடும், தொட்டால் மாடு காலை இழுக்கும். நீர்ப்பை வீக்கமோ பெரும்பாலும் சுடாது, நோகாது, மாடும் நொண்டாது. அமுக்கினால் தண்ணீர் நிறைத்த பலூன் போல அசையும். நாட்பட்டால் தோல் தடித்துக் கெட்டியாகிவிடும்.

இதெல்லாம் தெரியாமல் சவர அலகைச் சுடுநீரில் போட்டெடுத்துக் கீறினேன். நல்லெண்ணெய் நிறத்தில் நீர் வழிந்தது. நடுவே சோற்றுப் பருக்கை போல வெண்கட்டிகள். சீழ் ஒரு துளி இல்லை. அப்போதே கை நடுங்கியிருக்க வேண்டும். நானோ மஞ்சளை அப்பிவிட்டு, வைத்தியனாகிவிட்ட மிதப்பில் தேநீர் குடித்தேன்.

ஐந்தாம் நாள் கொட்டிலுக்குள் நுழையும்போதே நாற்றம். பசு எழும்பும்போதெல்லாம் அந்தப் புண்ணைத்தான் சாணத்திலும் மூத்திரத்திலும் ஊன்றியது, பிறகெப்படி ஆறும்? புழு வைத்தது. கிருமி மூட்டுக்குள் இறங்கியது. மூன்றாம் கன்று போடவிருந்த பசுவை இறைச்சி விலைக்குக் கொடுத்தேன். இன்றைக்கும் யாராவது "சின்னக் கீறல்தானே" என்றால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நீரை எடுக்கத்தான் வேண்டுமென்றால் மிருக வைத்தியர் மயிரை மழித்து, தோலைக் கிருமிநீக்கி, ஊசியால் உறிஞ்சுவார். எல்லா வீக்கத்துக்கும் அவரும் அதைச் செய்யமாட்டார். நிலம் அதேதான் என்றால் நீர் திரும்பக் கோக்கும்.

நிலத்தை விட்டுவிட்டு மருந்து தேடுவது

பசுவும் எருமையும் எழும்பும்போது முன்னங்கால்களை மடித்து முழங்காலில் ஊன்றி, பின்புறத்தைத்தான் முதலில் தூக்கும். வெறும் சீமெந்தில் நாளெல்லாம் இதைச் செய்தால் முழங்கால் என்னாகும்? றப்பர் விரிப்புப் போடுங்கள். முடியாவிட்டால் தின்று மிஞ்சிய வைக்கோலை ஈரமில்லாமல் தடிப்பாகப் பரப்புங்கள். கயிற்றைக் குட்டையாகக் கட்டாதீர்கள். எருமைக்குத் தோல் தடிப்பு, ஒன்றும் ஆகாது என்பார்கள். அதன் எடையை யார் கணக்கிடுகிறார்கள்?

வெறுங்கையால் அந்த நீரைத் தொடுவது

சினையைக் கலைக்கும் புரூசெல்லா என்ற கிருமி உள்ள மாட்டிலும் இப்படி முழங்கால் வீங்கலாம். அந்த நீரிலும் கிருமி இருக்கக்கூடும், மனிதருக்கும் தொற்றும். பட்டியில் சினை கலைந்த மாடு இருந்தால் வைத்தியரிடம் அதை முதலில் சொல்லுங்கள்.

சினை மாட்டுக்கு ஸ்டீரொயிட் ஊசி

வீக்கம் வற்றவென்று இதைப் போட்டால், சினையின் கடைசி மாதங்களில் கன்று விழுந்துவிடக்கூடும். வைத்தியரிடம் சினையை மறைக்காதீர்கள்.

வீக்கத்தில் காய்ச்சிய இரும்பால் குறிசுடுவது

வேண்டாம்.

தம்பியின் பசுவை வைத்தியர் பார்த்துவிட்டார். நொண்டல் இல்லாததால் வீக்கத்தில் கை வைக்கவில்லை. புரூசெல்லா உண்டா என்று பார்க்க இரத்தம் மட்டும் எடுத்துப் போயிருக்கிறார். முடிவு வரும்வரை பாலைக் கொதிக்கவைத்தே குடிக்கச் சொல்லியிருக்கிறேன்.