சப் மீட்டர் மூன்றில் ஒரு பங்கு மட்டும் காட்டினால்

நான்கு மாடி அலுவலகம். ஈபி மீட்டரில் ஒரு நாளைக்கு 900 யூனிட் ஓடுகிறது. மெயின் பேனலில் நாங்கள் மாட்டிய சப் மீட்டரோ 310தான் காட்டியது. மீட்டர் பழுது என்று மாற்றப் பார்த்தார்கள். மூன்றில் ஒன்று என்றாலே எனக்குச் சந்தேகம் சி.டி. (கரன்ட் டிரான்ஸ்ஃபார்மர், ஒவ்வொரு ஃபேஸிலும் ஓடும் கரன்டைக் குறைத்து மீட்டருக்குத் தருவது) மேல்தான்.

ஆர், ஒய், பி என்ற மூன்று ஃபேஸ்களின் கிலோவாட்டையும் தனித்தனியாகப் பார்த்தேன். ஆர், பி இரண்டும் பிளஸ். ஒய் மட்டும் மைனஸ். இரண்டைக் கூட்டி ஒன்றைக் கழித்தால் மிஞ்சுவது மூன்றில் ஒன்றுதானே. ஆம்பியர் பக்கத்தில் மூன்றும் சரியாகவே தெரியும், அதில்தான் எல்லோரும் ஏமாறுவது. ஒய் சி.டி.யிலிருந்து மீட்டருக்குப் போகும் எஸ்1, எஸ்2 வயர்கள் இடம் மாறியிருந்தன. லோடு ஓடும்போது சி.டி. வயரைக் கழற்றவே கூடாது. செகண்டரி (மீட்டருக்குப் போகும் பக்கம்) திறந்துகொண்டால் ஆளைக் கொல்லும் வோல்டேஜ் எழும்பும். பேனலை ஆஃப் செய்துதான் மாற்றினோம். (200 ஆம்பியரை 5 ஆகக் குறைக்கும் 200/5 சி.டி.க்கு மீட்டரில் 100/5 என்று வைத்திருந்தால் பாதிதான் காட்டும். அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.)

கணக்கு ஒத்துவந்த பிறகு 15 நிமிடப் பதிவை எடுத்தோம். இரவு 2 மணிக்கு 18 கிலோவாட்! ஆளே இல்லாத கட்டடத்தில். இரண்டு ஏஎச்யூக்களின் (ஏசி காற்றை அறைகளுக்குத் தள்ளும் பெட்டிகள்) 7.5 கிலோவாட் மோட்டார்கள் விடிய விடிய ஓடிக்கொண்டிருந்தன. டைமர் நன்றாகத்தான் இருந்தது. ஸ்டார்ட்டர் பேனலில் செலக்டர் மேனுவலில் கிடந்தது. ஆட்டோவுக்குத் திருப்பியதும் இரவு லோடு 6 கிலோவாட் ஆனது.

பகலுக்கு, ஏஎச்யூ ஃபில்டரைக் கழுவிவிட்டு, மோட்டார் வேகத்தை மாற்றும் விஎஃப்டியை 50லிருந்து 40 ஹெர்ட்ஸுக்கு இறக்கினோம். வேகம் ஐந்தில் ஒரு பங்குதான் குறையும், ஃபேன் இழுக்கும் மின்சாரம் கிட்டத்தட்டப் பாதியாகிவிடும். மேல்மாடி மூலை அறையில் மட்டும் புழுக்கம் என்றார்கள். அங்கே டேம்பரை (காற்று வரத்தைக் கூட்டிக் குறைக்கும் தகடு) கொஞ்சம் திறந்துவிட்டோம்.